பேரனிடம் சாம்பிள் எடுத்தது

அரசுச் சம்பளம் வாங்கிய காலம் முழுக்க நான் பார்த்த வேலை, பிறர் வெளியேற்றும் நீரைப் பாட்டிலில் பிடிப்பது. கேட்பதற்குக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும் என்பதால், எனக்குப் பெண் பார்த்தபோது வீட்டார் 'சுற்றுச்சூழல் உத்தியோகம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். உள்ளபடி சொன்னால், வேலூரிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு வரை இருக்கும் டேனரிகளுக்கு ஜீப்பில் போவேன். தோல் கழுவிய தண்ணீர் சுத்திகரிப்பெல்லாம் முடிந்து வெளியே வரும் குழாய் வாயில் குனிவேன். பாட்டிலை நீட்டிப் பிடிப்பேன், மூடி அரக்கு வைப்பேன், ஐஸ் பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவேன்.

இதற்கு ஒரு முறை உண்டு. குழாயில் முதலில் வருவதைப் பிடிக்கக் கூடாது. அது உள்ளே தங்கியிருந்த பழைய தண்ணீர். அதை ஓடவிட வேண்டும். அடுத்து வருவதில் கொஞ்சம் பிடித்து, பாட்டிலைக் குலுக்கி அலசி, கீழே கொட்ட வேண்டும். இப்படி மூன்று தரம். அதற்குப் பிறகு பிடிப்பதுதான் சாம்பிள். இந்த அலசிக் கொட்டும் பழக்கம் என் கையில் எந்த அளவுக்கு ஏறிப்போனதென்றால், ஓய்வு பெற்ற பிறகும் பஸ் நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் அதிலிருந்து ஒரு வாய் வெளியே ஊற்றிவிட்டுத்தான் குடிப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் செருப்பைக் காப்பாற்றிக்கொண்டு நகர்வார்கள். நான் மன்னிப்புக் கேட்பதில்லை. முறை என்றால் முறை.

என் சம்பந்தியை நான் சந்தித்ததும் இந்த முறையால்தான். ஆம்பூரில் ஒரு டேனரியின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவர் பொறுப்பாளர். நான் வாசலில் ஜீப்பை நிறுத்தும்போதே அங்கே குழாய் வறண்டுவிடும்.

"பம்ப் ரிப்பேரு சார்."

இன்னொரு நாள், "இன்னிக்கி வேலையே இல்ல சார், லோடு வரல."

வேறொரு நாள், "தண்ணியே இல்ல சார், குடிக்கவே லாரியில வாங்குறோம்."

டீ மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இல்லாமல் வரும். நான் குடிக்க மாட்டேன். எழுந்து கும்பிடு போட்டு, ஜீப்பைக் கிளப்பச் சொல்லி, வளைவு திரும்பியதும் இறங்கி, வேலியோரமாக நடந்து திரும்பி வருவேன். குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். "இப்பதான் சார் பம்ப் ரெடியாச்சு, உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினேனே" என்பார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பிறகு என் மகளும் அவர் மகனும் ஒரே கல்லூரியில் படித்தார்கள். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் அவர் பாயச வாளியோடு என் இலைக்கு எதிரே வந்து நின்று, "சார், இன்னிக்கி எவ்வளவு வேணும்னாலும் சாம்பிள் எடுத்துக்கங்க" என்றார். பந்தியே சிரித்தது. நான் இலையை மறைத்தேன். இன்றுவரை அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். 'சம்பந்தி' என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். "வாய்ல வர மாட்டேங்குது சார், பயம் உள்ளயே இருக்குது" என்றார்.

பேரன் தவழத் தொடங்கியிருந்த சமயம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. வெறும் காய்ச்சல். சம்பந்தி அதைச் சூடு என்று தீர்மானித்து, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினார். காய்ச்சல் எண்ணெயோடு சேர்ந்து மின்னியதே தவிர இறங்கவில்லை. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டு அழுவதையும், துணியில் வாடை மாறியிருப்பதையும் என் மகள்தான் கவனித்தாள். காலையில் முதல் வேலையாக அவனைத் தூக்கிக்கொண்டு ஆம்பூரிலேயே ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனாள். மருமகன் வேலையாகச் சென்னையில் இருந்தார். சம்பந்தி துணைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"அப்பா, புள்ளைக்கு யூரின்ல இன்ஃபெக்ஷன் இருக்கும்னு சொல்றாங்க. சாம்பிள் எடுக்கணுமாம். நீ கொஞ்சம் வாயேன்."

என் மகள் என் உத்தியோக அனுபவத்தை மதித்துக் கூப்பிட்டது வாழ்க்கையில் அன்றுதான். சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீரைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கு வலிக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாது. காலையில் ஒட்டுகிற பை ஒன்றை வைத்துச் சிறுநீர் எடுத்திருக்கிறார்கள். அதில் சீழ் அணுக்கள் தெரிந்தன.

"ஆனா பையை முழுசா நம்ப முடியாதும்மா. தோல் மேல இருக்குற கிருமியும் அதுல சேர்ந்துடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்கணும்னா சுத்தமா பிடிச்ச யூரின் வேணும். மருந்து குடுத்துட்டா அப்புறம் கிருமி சரியா வளராது, டெஸ்ட் வீணாயிடும். அதனால முதல்ல சாம்பிள், உடனே மருந்து. காய்ச்சலோட இவனை ரொம்ப நேரம் காக்க வைக்கவும் முடியாது. மதியம் ஓபி முடியற வரைக்கும் பாருங்க. வரலேன்னா சின்ன டியூப் விட்டு எடுத்துடலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

'பயப்பட ஒண்ணுமில்ல' என்று கேட்டதும் என் மகளின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டியூப் வாணாம்ப்பா. காலையில ரத்தம் எடுக்கும்போதே மூச்சு வுடாம கத்தினான். எப்படியாவது பிடிச்சுக் குடுத்துடுப்பா."

"இந்த ஜில்லாவுலயே அதிகமா சாம்பிள் எடுத்தவன் நான்" என்றேன்.

சம்பந்தி தலையை ஆட்டினார். "அதுல சந்தேகமே இல்லம்மா. நான் கண்ணால பாத்திருக்கேன்."

ஓபி கூடத்தை ஒட்டிய சின்ன அறை ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் கைகழுவும் தொட்டி. நர்ஸ் ஒரு சிறிய பாட்டிலோடு வந்தார். உருதுவும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிற ஆம்பூர்க்காரப் பெண். குழந்தையை "பேட்டா" என்று கொஞ்சிவிட்டு, எங்களைப் பார்த்துக் குரலை மாற்றினார்.

"நல்லா கேட்டுக்கங்க. வெந்நீர்ல சுத்தமா தொடச்சுட்டேன். பால் குடுங்க. மொதல்ல வர்றதை வுட்டுடணும். நடுவுல வர்றதைப் புடிக்கணும். பாட்டிலுக்கு உள்ள வெரல் படக்கூடாது. புரிஞ்சுதா?"

"முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு, நடு ஓட்டம்" என்றேன். "தெரியும்மா. இதுதான் என் தொழிலே."

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா தொழிலு தாத்தா?"

"பெரிய ஆபீசர்மா" என்றார் சம்பந்தி. "ஊர்ல ஒருத்தர் ஒண்ணு விட முடியாது. பாட்டிலோட வந்து நிப்பார்."

நர்ஸ் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் பொறுப்புகளைப் பிரித்தேன். மகள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை இரண்டு அக்குளிலும் பிடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். நான் எதிரே பாட்டிலோடு. சம்பந்தி தூண்டுதலுக்கு. அதாவது 'ஷ்ஷ்ஷ்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். போதாவிட்டால் குழாயைத் திறந்துவிட வேண்டும். மகள் பால் கொடுத்து முடித்தாள். எல்லாரும் இடத்தில் நின்றோம். சம்பந்தி ஆரம்பித்தார். அவர் பற்களுக்கு நடுவே இருக்கிற சந்து இப்படிப் பயன்படும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

பேரன் அவரை ரசித்துப் பார்த்தான். கையைத் தட்டினான். வேறொன்றும் நடக்கவில்லை.

நடந்ததெல்லாம் வெளியே. முதலில் ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு "மா, ஒண்ணுக்கு" என்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஷூ கம்பெனி கோட்டு மாட்டிய ஒரு தாய் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"இன்னா பெருசு, எங்க புள்ளைங்களை ஏன் கிளப்பி வுடுற? நானே அரை நாள் பர்மிஷன்ல வந்துருக்கேன். இவனுக்கு மாத்து டிரவுசர்கூட எடுத்தாரல."

சம்பந்தி வாயை மூடிக்கொண்டு குழாயைத் திறந்தார். இது இன்னும் பெரிய தவறாகப் போயிற்று. பேரனின் மூத்திரப்பை அதற்கு அசையவில்லை. அசைந்தவை எங்களுடையவை. எங்கள் வயதில் ஓடும் தண்ணீரின் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். சம்பந்தியும் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்று பார்த்தார். யார் முதலில் போவது என்பதில் பழைய போட்டி திரும்பி வந்துவிட்டது.

"நீங்க போங்க சார், பெரியவங்க."

"நீங்கதான் பெரியவர்."

"பதவியில நீங்கதான்."

கடைசியில் இரண்டு பேரும் ஓடினோம். அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே கழிப்பறை, அதன் வாசலில் எங்கள் 'ஷ்ஷ்ஷ்'ஷால் கிளப்பிவிடப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களின் அம்மாக்கள் எங்களுக்கு வழிவிடவில்லை. வரிசை நகர்ந்து, முறை வந்து, நாங்கள் திரும்பி வந்தபோது மகளின் மடி நனைந்திருந்தது. பேரன் சிரித்துக்கொண்டிருந்தான். பாட்டில், நான் பத்திரமாக வைத்துவிட்டுப் போன இடத்தில், காலியாகவும் மிகச் சுத்தமாகவும் இருந்தது.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவள் அம்மாவிடமிருந்து வந்த கலை.

மறுபடி துடைத்து, மறுபடி பால் கொடுத்து, மறுபடி காத்திருந்தோம். காய்ச்சல் மறுபடி ஏறியது. நர்ஸ் ஈரத்துணி போட்டுவிட்டுப் போனார். குழந்தை சிரிப்பை நிறுத்தி மகளின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. சம்பந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாட்டிலை ஒரு கையிலும் மூடியை மறு கையிலும் பிடித்தபடி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவன் முகம் சுருங்கியது. அழுதான். வந்தது.

என் கை தானாக வேலை செய்தது. முதல் ஓட்டத்தை விட்டேன். பாட்டிலை நடு ஓட்டத்துக்குள் நுழைத்தேன், விளிம்பில் படாமல், விரல் படாமல். அழகாகப் பிடித்தேன். பாட்டிலில் தேவையான அளவு சேர்ந்துவிட்டது. மகள் "அப்பா!" என்று மகிழ்ச்சியில் கத்தினாள்.

நான் பாட்டிலைச் சுழற்றி அலசி, தொட்டியில் கொட்டினேன்.

கொட்டிவிட்டு, முறைப்படி, இரண்டாம் தரத்துக்குப் பாட்டிலை மறுபடி நீட்டினேன். ஒரு சொட்டு வந்தது. அது என் கட்டைவிரலில் விழுந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

டேனரிக் குழாய் நாள் முழுக்க ஓடும். குழந்தை ஓடாது. இந்தச் சிறிய வித்தியாசத்தை எந்த நடைமுறைக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை.

"இன்னாப்பா பண்ண?" என்றாள் மகள். அந்தக் குரலை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

சம்பந்தி சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், சத்தம் வெளியே வராமல், கண்ணில் தண்ணீர் வழிய.

"சார்... சார்... மூணு தரம் கொட்டுவீங்க இல்ல? இன்னும் ரெண்டு பாக்கி."

நர்ஸ் வந்தார். காலிப் பாட்டிலைப் பார்த்தார். ஈரமான தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தாத்தா, இதான் உங்க தொழிலா?" என்று கேட்டுவிட்டு, புதுப் பாட்டில் ஒன்றை எடுத்து, என்னிடம் கொடுக்காமல் சம்பந்தியிடம் கொடுத்தார். மகள் ஆட்சேபிக்கவில்லை. என் பணிக்காலத்தில் என்னை யாரும் சஸ்பெண்ட் செய்ததில்லை. அந்தக் குறை அங்கே தீர்ந்தது.

பக்கத்துத் தெருவிலிருந்து பிரியாணி வாசனை வரத் தொடங்கிவிட்டது. அது ஆம்பூரில் மதியம் என்பதற்கு அடையாளம். கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம். அப்புறம் டியூப்தாம்மா. சிஸ்டர், எல்லாம் எடுத்து வைங்க" என்றார். நர்ஸ் ஒரு தட்டில் எதையோ எடுத்து வைத்தார். மகள் தட்டைப் பார்க்காமல் குழந்தையைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் முயற்சிக்கு நர்ஸே கூட நின்றார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சுத்துணியால் குழந்தையின் அடிவயிற்றில் மெல்ல வட்டமாகத் தேய்த்தார். "இப்படித் தேச்சா சில புள்ளைங்க போயிடும்" என்றார். பேரன் போகவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இடம் மாறி நின்றேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சிறிதும் அசையாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தான். அந்தப் பார்வையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன்.

சம்பந்திக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நிக்கிற வரைக்கும் அவன் வுட மாட்டான்."

"ஏன்?"

"அவன் யாரு பேரன் சார்?"

நான் அவனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீங்க பழைய மாதிரியே பண்ணுங்க. கும்பிடு போட்டுட்டுக் கெளம்புங்க. நல்லா சத்தமா, அவனுக்குக் கேக்கற மாதிரி."

என்னை நானே நம்பாமல், கதவருகே போய், "வர்றேன்டா கண்ணு. தாத்தா ஊருக்குப் போறேன். டாட்டா!" என்றேன். 'டாட்டா' என்ற சொல்லைக் கேட்டால் அவனுக்குத் தானும் வெளியே போகப்போகிறோம் என்று ஒரே கொண்டாட்டம். காய்ச்சலிலும் காலை உதைத்தான். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஜீப் இல்லாத குறைக்கு, கூடத்தில் செருப்பைத் தேய்த்து நாலு அடி நடந்து சத்தம் கொடுத்தேன். மாற்று டிரவுசர் இல்லாத பையனின் தாய், "பெருசுக்கு முத்திப்போச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பிறகு நுனிக்காலில் திரும்பி வந்து கதவில் காதை வைத்தேன்.

உள்ளே சம்பந்தியின் குரல், தாழ்ந்து, ரகசியமாக, மிகவும் பழகிய தொனியில் கேட்டது:

"ஜீப்பு போயிடுச்சுடா ராஜா. தொறந்து வுடு."

என் பணிக்காலம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்ட வாக்கியத்தை அன்றுதான் முதன்முறையாகக் காதால் கேட்டேன்.

அடுத்து மகள் "மாமா! மாமா, வருது!" என்று கத்தினாள். நர்ஸ், "மொதல்ல வுடுங்க, வுடுங்க... இப்ப புடிங்க!" என்றார். நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன், வேலியோரமாகத் திரும்பி வந்த அதே வேகத்தில். மகள் என்னைப் பார்த்ததும் சாம்பிளைவிட்டு என்னைத்தான் காவல் காத்தாள்.

"அப்பா, நீ அங்கயே நில்லு! பாட்டிலைத் தொடாத!"

சம்பந்தி முழங்காலில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை இரண்டு கையாலும், கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல, பிடித்திருந்தார். பேரன் அவர் மூக்குக் கண்ணாடியையும் நனைத்திருந்தான். அவர் அசையவில்லை. நர்ஸ் பாட்டிலை வாங்கி, மூடி, வெளிச்சத்தில் பார்த்து, "போதும். நல்ல சாம்பிள்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார். மகள் அப்போதுதான் அழுதாள்.

அரக்கு வைக்க வேண்டாமா என்று நான் கேட்டதாகச் சம்பந்தி எல்லாரிடமும் சொல்கிறார். கேட்டேன். அதில் என்ன தவறு?

மருந்து அன்றே ஆரம்பித்தது. மூன்றாவது நாள் மருந்தை நிறுத்தலாமா என்று நான் கேட்க நினைக்கும் அளவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. டாக்டரம்மா சொன்ன கடைசி நாள் வரை விடாமல் கொடுக்க வேண்டும் என்று மகள் என்னை வாயைத் திறக்கவிடவில்லை. ஆய்வக ரிப்போர்ட்டோடு எல்லாரும் மறுபடி போனோம். டாக்டரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். ரிப்போர்ட் என்றால் எழுந்து நிற்பது அவருக்குப் பழக்கம்.

"ஃபெயிலா டாக்டர்?"

"ஒரே ஒரு கிருமிதான் வளர்ந்திருக்கு. வேற கலப்படம் இல்ல. இப்ப குடுக்கற மருந்துக்கே அடங்குது. ரொம்பச் சுத்தமா பிடிச்சிருக்கீங்க."

ஒரு சாம்பிள் இவ்வளவு தெளிவாக ஃபெயில் ஆகி, அதற்காகப் பாராட்டும் கிடைத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.

சிறுநீர் கீழே இறங்குவதற்குப் பதிலாகச் சில குழந்தைகளுக்குக் கிட்னிப் பக்கம் திரும்பி ஏறும், அதனால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாதையைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. "நான்-ரிட்டர்ன் வால்வு லீக்கா டாக்டர்?" என்று, குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வை நினைத்துச் சம்பந்தி கேட்டார். டாக்டரம்மா சிரித்து, "கிட்டத்தட்ட அதேதான்" என்றார். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. காரணமில்லாத காய்ச்சல் மறுபடி வந்தால் எண்ணெய் தடவாமல் நேராக வரச் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பேரன் மகளின் தோளிலிருந்து ஷூ கம்பெனி வேன்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருந்தான். சம்பந்தி கொஞ்சநேரம் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? என் சாம்பிள் எப்படி?"

"உங்ககிட்டேருந்து வந்ததுலயே நம்பக்கூடிய சாம்பிள் இதுதான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வேகமாகக் கடைக்குப் போய் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து நீட்டினார். நான் மூடியைத் திருகினேன்.

அதற்குள் அவர் இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.